முதலில் கேள்வியை வாசிக்கட்டும்

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு இலங்கை முழுவதும் 307,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே வினாத்தாளைத் திறந்தார்கள். அவர்களில் 76,000க்கும் மேற்பட்டோர் தமிழில் எழுதியவர்கள். எல்லாருக்கும் பத்து வயது, அல்லது அதற்குக் கிட்ட. பரீட்சைத் திணைக்களத்தின் ஏட்டில் இதற்குப் பெயர் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. வீட்டில் ‘ஸ்கொலசிப்’. பிள்ளை மூன்றாம் தரத்தில் இருக்கும்போதே அந்தச் சொல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதன் பிறகு மாமா வந்தாலும், பக்கத்து வீட்டு அன்ரி வந்தாலும், கோயிலில் ஐயரைக் கண்டாலும் பிள்ளையிடம் கேட்கப்படுவது அதுதான்.

இந்தப் பரீட்சை வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இதுவும் எழும். பத்து வயதுக்கு இது அளவுக்கு மீறிய பாரம் என்பதே என் எண்ணம். ஆனால் வருகிற வருடம் ஐந்தாம் தரத்துக்குப் போகப்போகும் பிள்ளையின் தாய்க்கு அந்த வாதத்தால் இன்றைக்குப் பயன் இல்லை. அவர் கேட்பது வேறு. நான் என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு செய்ய வேண்டும்? எங்கே நிறுத்த வேண்டும்?

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். பிள்ளைக்குக் கேள்வியை வாசிக்கப் பழக்குங்கள். விடைக்கு அவசரப்படாதீர்கள். ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் படிப்பித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: புள்ளி போவதில் பெரும்பகுதி தெரியாததால் போவதில்லை, வாசிக்காததால் போகிறது.

யாருக்காகத் தொடங்கியது

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர 1884இல் அம்பலாங்கொடைக்கு அருகே ரந்தொம்பே என்ற கிராமத்தில் பிறந்தவர். உள்ளூர்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அந்தச் சிறுவனுக்குக் காலி ரிச்மண்ட் கல்லூரியில் இடம் கிடைத்தது ஒரு புலமைப்பரிசிலால்தான். 1931இல் அவர் கல்வி அமைச்சரானார். அவரது தலைமையில் வந்த 1943ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையின் வழியே 1945 ஒக்டோபர் 1 முதல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன, மொத்தம் 54. கிழக்கில் வந்தாறுமூலை அவற்றில் ஒன்று. 1981இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முன்னோடியான பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதும் அதே வளவில்தான்.

அந்த மத்திய கல்லூரிகளுக்கு, வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, விடுதியில் தங்கவைத்துப் படிப்பிப்பதற்காக வந்ததே இந்தப் பரீட்சை. ரந்தொம்பேச் சிறுவனுக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற நினைப்பு அதற்குள் இருந்தது.

இன்று இந்தப் பரீட்சைக்கு இரண்டு வேலை. ஒன்று, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாந்த உதவிப்பணம். 750 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கப்பட்டது. மற்றது, ஆறாம் தரத்தில் பெயர்பெற்ற பாடசாலையில் இடம். யாழ்ப்பாணத்தில் இந்துக் கல்லூரியும் வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலையும் ஆறாம் தரத்திலிருந்துதான் தொடங்குகின்றன. அங்கே வீட்டில் பேசப்படுவது உதவிப்பணம் பற்றியல்ல, அந்தப் பெயர்களைப் பற்றி.

வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிக்கு மொழியும் மாறும். 2025இல் அதைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காடு, அதாவது ஆறு பேரில் ஒருவர். பெற்றார் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஆறு பேரில் ஐந்து பேர் எப்படியும் கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு மடங்கு படித்தாலும் அந்தக் கோடு மேலே நகருமே தவிர, மேலே நிற்பவர்களின் தொகை பெரிதாகக் கூடாது. இது இடங்களைப் பங்கிடும் பரீட்சை. பிள்ளைக்கு எவ்வளவு அறிவு என்று சொல்லும் பரீட்சை அல்ல.

கமலாவின் வரிசை

முதலாம் வினாத்தாளில் 40 வினாக்கள், ஒரு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாளில் 60 வினாக்கள், ஒன்றேகால் மணித்தியாலம். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. முதலாவது நுண்ணறிவு: எண்கோலம், உருவக்கோலம், பொருந்தாததைக் கண்டுபிடித்தல், திசை, கண்ணாடி விம்பம், வாசித்து விளங்கும் பந்தி. இரண்டாவதில் தாய்மொழி, கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம். அண்மை ஆண்டுகளில் இரண்டாம் தாளை முதலில் கொடுத்து, அரைமணி இடைவேளைக்குப் பிறகு முதலாம் தாளைக் கொடுக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு வினாவுக்கு ஒன்றேகால் நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை கிடைக்கிறது. வாசிக்கவும் யோசிக்கவும் எழுதவும் அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைக் கண்டதும் வளர்ந்தவர்களுக்கு வருகிற முதல் எண்ணம் வேகம். ‘கெதியாச் செய், கெதியாச் செய்.’ ரியூசனில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு தாள் மேல் தாளாகக் கொடுப்பதும் அதற்காகவே. அங்கேதான் காரியம் கெடத் தொடங்குகிறது.

இந்தத் தாள்களில் அடிக்கடி வரும் மாதிரியில் ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். ‘ஒரு வரிசையில் கமலா முன்னாலிருந்து 7ஆவது, பின்னாலிருந்து 9ஆவது. வரிசையில் எத்தனை பேர்?’ பிள்ளை ஏழையும் ஒன்பதையும் கூட்டி 16 என்று எழுதுகிறது. விடை 15. கமலா இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டாள்.

இதைத் திருத்த இரண்டு வழி உண்டு. ஒன்று குறுக்கு வழி: ‘இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழி.’ பத்து வினாடியில் முடிந்துவிடும். பிள்ளை அடுத்த இருபது கேள்விகளையும் சரியாகச் செய்யும், நாமும் மகிழ்ந்துபோவோம். பிறகு பரீட்சையில் வருவது இப்படி: ‘கமலாவுக்கு முன்னால் 7 பேரும் பின்னால் 9 பேரும் நிற்கிறார்கள். வரிசையில் எத்தனை பேர்?’ பிள்ளைக்கு ஏழும் ஒன்பதும் வரிசையும் கமலாவும் கண்ணில் படுகின்றன. கூட்டி ஒன்றைக் கழித்து 15 என்று எழுதிவிட்டுப் போய்விடும். விடை 17.

மற்ற வழிக்கு நேரம் எடுக்கும். புளியங்கொட்டையை எடுத்து மேசையில் அடுக்கச் சொல்லுங்கள். ஒரு கொட்டைக்குச் சுண்ணாம்பு தடவி, ‘இதுதான் கமலா’ என்று வையுங்கள். ‘முன்னாலிருந்து ஏழாவது’ என்றால் கமலா ஏழுக்குள் நிற்கிறாளா, ஏழுக்கு வெளியே நிற்கிறாளா என்று கேளுங்கள். சொல்லிவிடாதீர்கள். பிள்ளை தானே எண்ணட்டும், பிழை விடட்டும், திரும்ப அடுக்கட்டும். பிறகு ‘முன்னால் ஏழு பேர்’ என்று மாற்றிச் சொல்லி, இப்போது என்ன மாறியது என்று கேளுங்கள். ஒரு மாலையில் இந்த ஒரு கேள்விதான் முடியும். ஆனால் அதன் பிறகு ‘ஆவது’ என்ற ஈற்றுக்கும் ‘பேர்’ என்ற சொல்லுக்கும் உள்ள வேறுபாடு பிள்ளையின் கண்ணுக்குத் தப்பாது.

‘அல்லாதது’ என்ற சொல்லும் இப்படித்தான். ‘பின்வருவனவற்றுள் பறவை அல்லாதது எது?’ என்று கேட்டுவிட்டு மயில், வௌவால், கோழி என்று கொடுத்திருப்பார்கள். ‘பறவை’ என்பதைக் கண்டதும் பிள்ளையின் கை மயிலுக்குப் போய்விடும். மயில் பறவை என்பதும் வௌவால் பாலூட்டி என்பதும் அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் புள்ளி போகிறது. சுற்றாடல் பாடத்தை இன்னும் பத்து முறை படிப்பித்தாலும் இந்தப் பிழை தீராது. கேள்வியை விரல் வைத்து வாசித்து, முக்கியமான சொல்லின் கீழே ஒரு கோடு போட்ட பிறகுதான் விடையைப் பார்ப்பது என்ற பழக்கம் வந்தால் தீரும். அந்தப் பழக்கம் கைக்கு வந்த பிறகு வேகம் தன்பாட்டில் வரும்.

நல்ல வாசிப்பு வேகமாகவும் இருக்கும். பாடப் புத்தகத்துக்கு வெளியே கதைப் புத்தகம் வாசிக்கிற பிள்ளை, பந்தி வினாவை ஒருமுறை வாசித்து விளங்கிக்கொள்ளும். வாசிக்காத பிள்ளை மூன்று முறை வாசிக்க வேண்டியிருக்கும், நேரம் அங்கேதான் போகும். ஐந்தாம் தரம் வந்ததும் ‘கதைப் புத்தகம் போதும், இனிப் பேப்பர் செய்’ என்று பறித்து வைக்கிற வீடுகள் அநேகம். பரீட்சைக்கு மிக உதவுகிற ஒன்றைப் பரீட்சையின் பெயரால் நிறுத்துகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. இரவு படுக்கமுன் அரைமணி நேரம் கதைப் புத்தகம் வாசிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

எத்தனை பேப்பர்?

கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்ப்பது நல்லது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பந்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தியிருந்தார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் கொப்பியைப் பார்த்துப் பார்த்துப் பாடமாக்கும் பிள்ளைக்கும் இதில் எடுத்துக்கொள்ள விடயம் உண்டு.

ஆனால் பேப்பரின் பயன் அதைச் செய்து முடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பேப்பர் செய்துவிட்டு, 200க்கு இத்தனை என்று மேலே எழுதிவிட்டு, அடுத்த பேப்பரை எடுப்பது வீண் வேலை. பிழைத்த பன்னிரண்டு வினாக்களை எடுத்து வைத்துக்கொண்டு இருப்பதுதான் படிப்பு. அதற்கென்று ஒரு கொப்பி போடுங்கள். பிழைத்த வினாவைப் பிள்ளை தன் கையால் அதில் எழுதட்டும். பக்கத்தில் ஏன் பிழைத்தது என்று ஒரே வரி. ‘அல்லாதது என்பதைக் காணவில்லை’, ‘எட்டின் வாய்ப்பாடு மறந்துவிட்டது’, ‘இந்தச் சிங்களச் சொல் தெரியாது’. ஒரு வாரம் கழித்து அதே வினாவைத் திரும்பச் செய்யட்டும். இரண்டு மாதத்தில் அந்தக் கொப்பியைப் புரட்டினால் உங்கள் பிள்ளைக்கு எது தேவை என்று எந்த ரியூசன் ஆசிரியரையும்விட உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

அந்தக் கொப்பி போடுகிற வீட்டில் கிழமைக்கு ஒரு முழுப் பேப்பருக்கு மேல் தேவைப்படாது என்பது என் கணிப்பு. நாளுக்கொரு பேப்பர் செய்கிற பிள்ளை களைத்துப்போகிறது. களைத்த பிள்ளை வாசிக்காமல் விடை போடப் பழகுகிறது. அதைப் பிறகு கழற்றுவது மிகவும் கடினம்.

ரியூசன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீட்டில், அல்லது பாடசாலையில் ஆசிரியர் போதாத இடத்தில், நல்ல ஒரு வகுப்பு பெரிய உதவி. வகுப்பைத் தெரிவுசெய்யும்போது ஒன்றைப் பாருங்கள்: பிழையை எடுத்து விளங்கப்படுத்துகிறார்களா, புள்ளியை மட்டும் வாசிக்கிறார்களா? ஐம்பது பிள்ளைகள் முன்னால் குறைந்த புள்ளியை உரத்து வாசிக்கிற இடத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

‘நீ கெட்டிக்காரன்’ என்று சொல்லலாமா?

1998இல் கிளோடியா மியூலர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தொடர்ச்சியான சோதனைகளைச் செய்தார்கள். கொடுத்தவை உருவக்கோலப் புதிர்கள். நம் முதலாம் வினாத்தாளில் வருபவற்றின் உறவுக்காரர்கள் என்றே சொல்லலாம். முதற் தொகுதி முடிந்ததும் எல்லாரையும் பாராட்டினார்கள். சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள். வேறு சிலரிடம் ‘நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்’ என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான தொகுதி ஒன்று, எல்லாரும் தடுமாறினார்கள். மூன்றாவதாக, முதலாவதைப் போன்ற எளிதான தொகுதி.

‘புத்திசாலி’ என்று கேட்ட பிள்ளைகள் மூன்றாவதில் முன்பைவிடக் குறைவாக எடுத்தார்கள். ‘முயற்சி’ என்று கேட்டவர்கள் கூட எடுத்தார்கள். இன்னொன்றும் தெரியவந்தது. தாங்கள் எடுத்த புள்ளியை வேறொரு பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, ‘புத்திசாலி’ என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பேர் புள்ளியைக் கூட்டி எழுதினார்கள்.

வீட்டில் நாம் அன்பினால் சொல்கிற சொல்தான் அது. ‘என்ர பிள்ளை சரியான மூளைசாலி, கட்டாயம் பாஸ்.’ அதைக் கேட்கிற பிள்ளைக்கு, கடினமான கேள்வி ஒன்று வந்ததும் உள்ளே வேறொன்று கேட்கிறது: இது வராவிட்டால் நான் மூளைசாலி இல்லையா? அந்தப் பயத்தோடு யாராலும் யோசிக்க முடியாது. ‘இந்தக் கணக்கை மூன்று விதமாகச் செய்து பார்த்தாயே, அது நல்லது’ என்று நடந்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். ‘எத்தனை எடுத்தனி?’ என்று கேட்ட வாயோடு ‘அவன் எத்தனை?’ என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

எழுத்துக் குறைந்த வீட்டில்

மலையகத்தில் விடியற்காலை கொழுந்துக்குப் போய் மாலையில் திரும்புகிற தாய், நுண்ணறிவு வினாவை எப்படிச் சொல்லிக்கொடுப்பார்? வன்னியில் வயலுக்குப் போய்வரும் தகப்பன்? அவர்களால் முடியாது என்றுதான் அவர்களே நினைக்கிறார்கள். பிள்ளையிடம் பேச்சே இல்லாமல் ரியூசன் காசை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

அவர்களால் முடியும். இரவு சமைக்கிறபோது பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, ‘இன்றைக்கு என்ன படித்தாய், எனக்கு விளங்கச் சொல்லு’ என்று கேட்டால் போதும். விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று உண்மையாகவே சொல்லுங்கள். பிள்ளை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கும். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போது பிள்ளைக்கு அது நன்றாக விளங்கிவிடும். படித்த பெற்றாரின் வீட்டில் இதற்கு இடம் குறைவு. அங்கே பிள்ளை வாய் திறக்குமுன் விடை வந்துவிடுகிறது.

சந்தைக் கணக்கைப் பிள்ளையிடம் விடுங்கள். கூப்பன் கடைத் துண்டில் எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் இருக்கும். சிங்களப் பெயரை எழுத்துக்கூட்டட்டும். பிள்ளைக்குப் பார்வைக் குறைவோ எழுதுவதில் சிரமமோ இருந்தால் அதிபரிடம் நேரத்தோடு போய்ப் பேசுங்கள். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்தில் போய்க் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசி நாட்கள்

பரீட்சைக்குச் சில நாட்கள் முன்பிருந்து வகுப்புகள், கருத்தரங்குகள் நடத்துவதையும் எதிர்பார்க்கை வினாத்தாள் விநியோகிப்பதையும் பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் தடைசெய்கிறது. பிள்ளைகளுக்குச் சட்டத்தால் கிடைக்கிற ஓய்வு அது. வீட்டில் அதை மீறாதீர்கள். அந்த நாட்களில் புதிதாக ஒன்றும் வேண்டாம், பிழைக் கொப்பியை ஒருமுறை புரட்டினால் போதும்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. காலை ஐந்து மணிக்கு எழுப்புவீர்கள் என்றால் இரவு எட்டு மணிக்கு விளக்கு அணைய வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் எட்டு மணிக்குப் படுக்கச் சொன்னால் தூக்கம் வராது. இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள்.

நிலையம் வேறு பாடசாலையில் என்றால் ஒருநாள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். கழிப்பறை எங்கே என்று தெரிந்து வைக்கட்டும். சுட்டெண்ணைப் பார்க்காமல் எழுதப் பழகட்டும். காலையில் வழக்கமாகச் சாப்பிடுவதையே கொடுங்கள். அன்றைக்கென்று பால்சோறோ புதுப் பலகாரமோ கொடுத்து வயிற்றைக் குழப்ப வேண்டாம். இடைவேளையில் முடிந்துபோன தாளைப் பற்றிக் கதைக்காதே என்று முதலே சொல்லிவையுங்கள். ஒரு வினா பிழைத்தது என்று அங்கே தெரிந்தால், அடுத்த தாளின் முதல் பத்து வினாக்களும் கலங்கிய மனத்தோடு போகும்.

வெளியே வந்ததும் படலையில் வைத்தே வினாத்தாளை வாங்கி விடை பார்க்கிற பெற்றாரை ஒவ்வொரு வருடமும் காணலாம். பசியோடு வந்த பிள்ளை அங்கேயே அழத் தொடங்கும். சாப்பாடு கொடுத்து, விளையாட விடுங்கள்.

2024 செப்டெம்பர் 15இல் நடந்த பரீட்சையில் முதலாம் தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. டிசம்பர் கடைசியில் தீர்ப்பு வந்தது. அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாருக்கும் முழுப் புள்ளி கொடுக்கப்பட்டது. பெறுபேறு வெளியானது 2025 ஜனவரியில். பிள்ளைகள் நான்கு மாதம் காத்திருந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. திரும்ப எழுத வேண்டி வருமா என்று தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக் கேட்ட பத்து வயதுப் பிள்ளைக்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெறுபேறு வருமுன் பேசவேண்டியது

பெறுபேறு வந்த இரவில் எதைச் சொல்வது என்று அன்றைக்கு யோசிக்க முடியாது. தொலைபேசி ஓயாது. வட்ஸ்அப்பில் மற்றப் பிள்ளைகளின் படமும் மாலையும் வந்துகொண்டே இருக்கும். ஆகவே பரீட்சைக்கு முன்பே தாயும் தகப்பனும் இருந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். குறைந்தால் என்ன செய்வோம், கூடினால் என்ன செய்வோம் என்று. அந்த முடிவு பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

குறைந்தால் பிள்ளை ஆறாம் தரத்துக்குப் போகும், அவ்வளவுதான். பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியால் தீர்மானிக்கப்படுகிறது. அங்கே ஐந்தாம் தரப் புள்ளிக்கு எந்த இடமும் இல்லை.

கூடினால் யோசிக்க வேண்டியது அதைவிட அதிகம். பெயர்பெற்ற பாடசாலை நாற்பது கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது என்றால், பதினொரு வயதுப் பிள்ளை காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறி மாலை ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டும். விடுதி என்றால் பிள்ளை அதற்கு ஆயத்தமா என்று அதனிடமே கேட்க வேண்டும். சிலருக்கு அது நல்ல வழி. வந்தாறுமூலையிலும் மற்ற மத்திய கல்லூரிகளிலும் அப்படித் தங்கிப் படித்து முன்னுக்கு வந்தவர்கள் ஏராளம். சிலருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மகா வித்தியாலயமே பொருந்தும். கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லவும் பெற்றாருக்கு உரிமை உண்டு. ஊர் ஏதாவது சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதற்கு முதல் அந்தப் பக்கத்துப் பாடசாலைக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். ஆறாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிப்பவர் யார், ஆங்கில ஆசிரியர் இருக்கிறாரா, நூலகத்தில் பிள்ளைகள் புத்தகம் எடுக்கிறார்களா, அல்லது அறை பூட்டிக் கிடக்கிறதா என்று கேளுங்கள். பூட்டிக் கிடந்தால் அதிபரிடம் கேளுங்கள், பெற்றார் சங்கத்தில் கேளுங்கள். ஆறு பேரில் ஐந்து பேர் படிக்கப்போவது அப்படியான பாடசாலைகளில்தான்.